டம்ளரில் தெரிந்த பழுப்பு: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக எங்கள் கடை போன் ஓயவே இல்லை. புது ஆர்டர் கேட்டு வந்த அழைப்புகள் ரொம்பக் குறைவு. "நீங்கள் மாட்டிய சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்னீராக்கும் கருவி) தண்ணீரில் இவ்வளவு அழுக்கா?" என்று கேட்டு வந்தவைதான் அதிகம். ஒவ்வொருவருக்கும் போனிலேயே பதில் சொல்லிப் பார்த்தேன். பாதி விளக்கத்தில் லைன் போய்விடுகிறது, அல்லது கேட்பவருக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து இந்த மடலை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

இந்த அழைப்புகளுக்கெல்லாம் காரணம் ஒரு வீடியோ. அது உங்களில் பலருக்கும் வந்திருக்கும். மேசைமேல் இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் சாஃப்ட்னர் வழியாக வந்த குழாய்த் தண்ணீர். இன்னொன்றில், வீடு தேடி விற்க வந்தவர் கையோடு கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி சுவிட்சைப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளரில் பச்சையும் பழுப்புமாக ஏதோ சுருள் சுருளாகக் கிளம்புகிறது. ஒரு நிமிடத்தில் சாக்கடை மாதிரி ஆகிவிடுகிறது. அவருடைய டம்ளர் அப்படியே பளிச்சென்று இருக்கிறது. "இதைத்தான் உங்கள் குழந்தை தினமும் குடிக்கிறது" என்கிறார். கேட்டால் யாருக்குத்தான் பதறாது? பதறி எங்களுக்குப் போன் செய்தவர்கள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வருத்தம் அந்தச் சோதனையின்மேல்தான்.

அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வரவில்லை, கம்பியிலிருந்து வருகிறது. அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, இன்னொன்று பெரும்பாலும் அலுமினியம். மின்சாரம் பாயும்போது நேர்முனையில் இருக்கும் இரும்பு அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டு அயனியாக, அதாவது மின்சுமை ஏறிய அணுவாக, தண்ணீரில் இறங்குகிறது. எதிர்முனையில் தண்ணீர் உடைந்து ஹைட்ரஜன் குமிழ் கிளம்புகிறது, ஹைட்ராக்சைடு அயனி மிஞ்சுகிறது. இரும்பும் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் முதலில் பச்சை கலந்த படிவு. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் பட்டதும் அதுவே பழுப்பாகிறது. சுருக்கமாகச் சொன்னால் துரு. பழைய ஆணியை ஈரத்தில் போட்டுவைத்தால் நாள்கணக்கில் நடப்பதை அந்தக் கருவி ஒரு நிமிடத்தில் நடத்திக் காட்டுகிறது.

எவ்வளவு இரும்பு கரையும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். விஞ்ஞானி பாரடே 1830களில் வகுத்த விதி அது. 0.1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் ஓடினால் சுமார் 1.7 மில்லிகிராம் இரும்பு கரையும். 200 மில்லி டம்ளரில் அது லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே வெள்ளைத் துணியில் கறை விழும் என்பார்கள். அதைப் போல இருபத்தைந்து மடங்குக்கு மேல் ஒரே நிமிடத்தில் கம்பியிலிருந்து இறங்குகிறது. டம்ளர் பழுப்பாகாமல் என்ன செய்யும்?

அப்படியானால் ஆர்ஓ தண்ணீர் மட்டும் ஏன் நிறம் மாறவில்லை? தண்ணீரில் மின்சாரத்தைச் சுமந்து செல்பவை கரைந்திருக்கும் அயனிகள். ஆர்ஓ சவ்வு அவற்றில் பெரும்பகுதியை நிறுத்திவிடுகிறது. சுமக்க ஆளில்லை, அதனால் மின்னோட்டம் மிகக் குறைவு, அதனால் கம்பியும் கரையவில்லை. அதே ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். நாங்கள் கடையில் எத்தனையோ தடவை செய்து பார்த்துவிட்டோம். உப்பு போட்டு, ஸ்பூனால் ஒரு கலக்குக் கலக்கி, கம்பியை இறக்கினால் முதலில் எதிர்முனைக் கம்பியைச் சுற்றிப் பொடிப் பொடியாகக் குமிழ். அப்புறம் இரும்புக் கம்பியின் அடியிலிருந்து புகைபோல ஒரு இழை இறங்கும். கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க நிறம். இன்னொரு வழியும் உண்டு. இரும்புக்குப் பதிலாகப் பென்சில் குச்சி மாதிரி கிராஃபைட் கம்பிகளை வைத்து எங்கள் சாஃப்ட்னர் தண்ணீரைச் சோதியுங்கள். லேசாகக் கரித்தூள் உதிரலாம், பழுப்பு வராது. 9 வோல்ட் பேட்டரியே போதும். வீட்டு மின்சாரத்தைத் தண்ணீர்ப் பக்கம் தயவுசெய்து கொண்டுபோகவே வேண்டாம்.

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலைகளில் இதே வேதியியலை நல்ல வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரும்பு அல்லது அலுமினியத் தகட்டை வேண்டுமென்றே கரைய விட்டு, உருவாகும் பஞ்சுபோன்ற படிவில் அழுக்கைச் சிக்கவைத்து எடுப்பார்கள். நல்ல தொழில்நுட்பம். அதைக் காட்டி வீட்டுப் பெண்களையும் வயதானவர்களையும் பயமுறுத்துவதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

சரி, இரண்டாவது புகாருக்கு வருகிறேன். "சாஃப்ட்னர் மாட்டியும் டிடிஎஸ் மீட்டரில் எண் குறையவில்லையே, அப்படியானால் இது வேலையே செய்யவில்லை என்றுதானே அர்த்தம்?" நியாயமான கேள்வி. (டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு.) மாட்டும்போதே இதை நாங்கள் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

தண்ணீரைக் கடினமாக்குபவை கால்சியம், மெக்னீசியம் அயனிகள். கீசர் கம்பியில் ஓடு மாதிரி ஒட்டுவதும், ஷவர் துளையை அடைப்பதும், சோப்பை நுரைக்கவிடாமல் தயிர்த் திரி மாதிரி ஆக்குவதும் இவைதாம். சாஃப்ட்னர் தொட்டிக்குள் இருக்கும் ரெசின், தேன் நிறத்தில் கடுகைவிடச் சிறிய உருண்டைகள். பெரும்பாலும் 0.3 முதல் 1.2 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஒவ்வொரு உருண்டையும் பாலிஸ்டைரீன் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்ட ஒரு வலை. அந்த வலையில் சல்ஃபோனேட் தொகுதிகள் எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொள்ளும் பிணைப்பால், அதாவது சகப்பிணைப்பால், இறுகப் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு எதிர்மின்சுமை. அதனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சோடியம் அயனி, மின்கவர்ச்சியால் மட்டும், ஒட்டிக்கொண்டு நிற்கும். இரட்டை நேர்மின்சுமை கொண்ட கால்சியம் வந்தால் ரெசினுக்கு அதன்மேல்தான் பிடிப்பு அதிகம். அது உட்கார்ந்துகொள்ள, இரண்டு சோடியம் இறங்கித் தண்ணீரோடு போய்விடும்.

ஆக, நடப்பது இடமாற்றம். 40 கிராம் கால்சியம் போய் 46 கிராம் சோடியம் வருகிறது. டிடிஎஸ் மீட்டர் உப்பை எடைபோடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. மொத்த மின்சுமை மாறாததால் அதன் கணக்கில் முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். எண்ணைக் குறைப்பது ஆர்ஓவின் வேலை, கடினத்தைப் போக்குவது சாஃப்ட்னரின் வேலை. கடினத்தைச் சோதிக்க எங்கள் பையன்கள் கொண்டுவரும் சொட்டு மருந்துதான் சரியான கருவி. முதலில் நிறங்காட்டி மருந்தைக் கலப்பார்கள்; கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும்வரை தண்ணீர் கருஞ்சிவப்பாக இருக்கும். ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, அது அந்த அயனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போகும். கடைசி அயனியும் பிடிபட்டதும் நிறம் சட்டென நீலமாகும். எத்தனை சொட்டு ஆனது என்பதே கடினத்தின் அளவு. இதெல்லாம் இல்லாமலும் பார்க்கலாம். மூடியுள்ள பாட்டிலில் பாதித் தண்ணீர், கொஞ்சம் சோப்புச் சீவல், நன்றாகக் குலுக்குங்கள். நுரை நின்றால் மென்னீர். பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள், அது கடின நீரிலும் நுரைக்கும்.

உப்பு எதற்கு என்று கேட்டவர்களுக்கு: கால்சியம் நிறைந்துபோன ரெசினைப் பழைய நிலைக்குக் கொண்டுவர. கால்சியத்தின் பிடி வலுவானதுதான். ஆனால் சுமார் 10 சதவீத உப்புக் கரைசலை ஓடவிட்டால் கால்சியத்தைச் சுற்றிச் சோடியம் ஏராளமாக வந்து நெருக்கும், அது இடத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் அலசி எல்லாவற்றையும் வடிகாலுக்கு அனுப்பிவிடுவோம். அந்த வடிகால் நீரைச் செடிக்கு விடாதீர்கள்.

ஒரு விஷயத்தை எந்த மழுப்பலும் இல்லாமல் சொல்கிறேன். சாஃப்ட்னர் கிருமியைக் கொல்லாது. குளிக்க, துவைக்க, கீசருக்கு அது அருமையான நீர். குடிப்பதற்குத் தனிக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முதல் நாளிலிருந்து சொல்லி வருகிறோம். கடினம் (கால்சியம் கார்பனேட் கணக்கில்) லிட்டருக்கு 300 மில்லிகிராம் இருக்கும் தண்ணீரை மென்னீராக்கினால் லிட்டருக்கு சுமார் 138 மில்லிகிராம் சோடியம் கூடும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்திய யாராவது வீட்டில் இருந்தால், அவர்களுக்கு இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. ஆர்ஓவுக்கு நாங்கள் விரோதியும் இல்லை. நாங்களே மாட்டித் தருகிறோம். சாஃப்ட்னருக்குப் பிறகு ஆர்ஓ வைத்தால் சவ்வில் சுண்ணாம்புப் படிவு ஒட்டாமல் நீண்ட நாள் உழைக்கும்.

குளோரின் வாடை பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீரில் லேசாகக் குளோரின் மிஞ்சியிருப்பது, வழியில் கிருமி சேராமல் காப்பதற்காக. ஆனால் அதுவே ரெசின் வலையின் குறுக்குப் பிணைப்புகளை நாளடைவில் அறுத்து உருண்டைகளைக் கொழகொழப்பாக்கிவிடும். அதனால்தான் முன்னால் கார்பன் ஃபில்டர் வைக்கிறோம். அதைக் கழற்றிவிடாதீர்கள்.

இதற்கிடையே, எங்களிடம் நெடுநாள் இருந்த சர்வீஸ் ஆள் விலகிவிட்டார். புதிதாக வந்தவர் சில வீடுகளில் உப்பு ஓடவிட்ட பிறகு அலசும் நேரத்தைக் குறைத்துவிட்டதால் ஓரிரு நாள் தண்ணீர் உப்புக் கரித்திருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம், இப்போது சரிசெய்தாயிற்று. ரெசின், கார்பன் விலை ஏறியிருப்பதால் அடுத்த மாதத்திலிருந்து சர்வீஸ் கட்டணம் சற்றுக் கூடும், 3 மாதத்துக்கு ஒரு முறை வருவது 4 மாதத்துக்கு ஒரு முறை ஆகும்.

வீடியோ வந்த பிறகும் "முதலில் உங்களிடம் கேட்டுவிடுவோம் என்று கூப்பிட்டேன்" என்றவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு வார்த்தை எங்களுக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்களே விளக்கம் சொல்லி அனுப்பியதும் எங்கள் காதுக்கு வந்தது. முதல் மெஷின் மாட்டிய நாளிலிருந்து கூடவே இருக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. மனதார நன்றி.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 மணி முதல் 1 மணி வரை கடை மேசையில் இரும்புக் கம்பி, கிராஃபைட் கம்பி, பேட்டரி, ஆர்ஓ தண்ணீர், ஒரு கிண்ணம் உப்பு எல்லாம் தயாராக இருக்கும். வீட்டுத் தண்ணீர் அரை லிட்டர் கொண்டுவாருங்கள். குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள், பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு முறை அலசிக்கொள்ளுங்கள். சுவிட்சை நீங்களே போடலாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள்,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்