ஒரு ஹப்புக்குப் பாதிப் பணம் போதாது

அனுப்புநர்:
காபி விவசாயி, தாண்டிக்குடி,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஜீப் உதிரிபாக விற்பனை நிறுவனம், கோயம்புத்தூர்.

பொருள்: ஃப்ரீ வீல் ஹப் ஜோடிக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டல்.

ஐயா,

செப்டம்பர் கடைசியில் உங்களிடம் 11,800 ரூபாய் கட்டி, என் பழைய மஹிந்திரா சிஜே 3பி ஜீப்புக்கு ஒரு ஜோடி ஃப்ரீ வீல் ஹப் வாங்கினேன். முன்சக்கரத்தின் நடுவில் மாட்டும் சாமான் அது; வெளியே உள்ள டயலைத் திருப்பினால் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கும் (லாக்), இல்லை பிரித்துவிடும் (ஃப்ரீ). இடது பக்க ஹப் இரண்டே மாதத்தில் கைவிட்டது. புகார் சொன்னதற்கு, "வலது பக்க ஹப் நல்ல நிலையில் இருப்பதால் பாதித் தொகை மட்டும் தரப்படும்" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பதிலைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

இந்த வண்டியில் அதற்கு முன்னால் முன்சக்கரத்துக்கு வெறும் ஃபிளேஞ்சுதான், அதாவது சக்கரத்தையும் ஆக்ஸிலையும் நிரந்தரமாகப் பிணைக்கும் தட்டுதான், இருந்தது. ஆறு போல்ட், ஷாஃப்டைப் பிடிக்கும் பத்து பல் (ஸ்ப்ளைன்), அவ்வளவுதான். ஃபோர் வீல் போட்டாலும் போடாவிட்டாலும் முன் ஆக்ஸில், கிரவுன், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். வத்தலக்குண்டுக்குத் தார் ரோட்டில் இறங்கி ஏறுவதுதான் எனக்குப் பாதி ஓட்டம். அங்கே அதெல்லாம் வீணாகத் தேய்வானேன் என்றுதான் ஹப் மாற்றினேன். மைலேஜ் அள்ளிக்கொண்டு வரும் என்று நினைக்கவில்லை. சத்தம் குறையும், ஸ்டியரிங் கொஞ்சம் லேசாகும் என்று எதிர்பார்த்தேன். அது உண்மையிலேயே நடந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

பெட்டியில் ஒரு பக்கத்துக்கு கேஸ்கெட் இல்லை. சரி, போகட்டும் என்று வத்தலக்குண்டில் ஷீட் வாங்கி வெட்டிப் போட்டுக்கொண்டோம். மாட்டிய அன்று சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயலை ஃப்ரீயிலும் லாக்கிலும் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பிடித்தது. கையால் சுற்றும்போது பிடிப்பது வேறு, பாரம் ஏறும்போது பிடிப்பது வேறு என்று அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

நவம்பர் மூன்றாம் வாரம். நான்கு நாள் மழை ஓய்ந்து, பழம் பறிக்க ஆள் கிடைத்த முதல் நாள். மாலை நான்கு மணிக்குக் கீழ்த் தோட்டத்திலிருந்து பத்து மூட்டைக் காபிப் பழத்தோடு செம்மண் ஏற்றத்தில் வந்தேன். ஏற்றத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரண்டு டயலையும் லாக்குக்குத் திருப்பி, அப்புறம்தான் ஃபோர் வீல் கியர் போட்டேன். பாதி ஏற்றத்தில் இடது முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம். வண்டி நின்றுவிட்டது. பின்சக்கரம் இரண்டும் சேற்றை வாரி இறைக்கின்றன, முன்சக்கரம் இரண்டும் அசையவே இல்லை.

இரண்டும் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாதிக் கணக்கு இடிபடும் இடம் அதுதான். முன் ஆக்ஸிலில் இருப்பது, இரண்டு பக்கத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃப்ரன்ஷியல். எந்தப் பக்கம் இலகுவாகச் சுற்ற வழி இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் சுற்றும். இடது ஹப் வழுக்கியதும் இடது ஷாஃப்ட் தனியாகச் சுற்றத் தொடங்கிவிட்டது. நீங்கள் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லும் வலது ஹப் தன் பாட்டுக்கு லாக் ஆகித்தான் இருந்தது. ஆனால் அதன் சக்கரத்துக்கு இழுவை வரவே இல்லை. ஒரு ஹப் போனால் போவது பாதி ஃபோர் வீல் இல்லை, முன்பக்க இழுவை முழுவதும்.

பக்கத்துத் தோட்டத்து டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுக்கும்போது மணி எட்டு. பறித்த பழத்தை அன்றே தோலுரிக்கும் பல்ப்பரில் போட வேண்டும், இல்லையென்றால் மூட்டைக்குள்ளேயே சூடேறிப் புளிக்கத் தொடங்கிவிடும். அன்றைக்கு முடியவில்லை. மறுநாள் அதைத் தோலோடு அப்படியே களத்தில் கொட்டி செர்ரியாகக் காயவைத்தோம். தோலுரித்துக் கழுவிக் காயவைத்த பார்ச்மென்ட் விலைக்கும் செர்ரி விலைக்கும் உள்ள வித்தியாசம் காபிக்காரர் யாரைக் கேட்டாலும் தெரியும். அதற்கு உங்களிடம் காசு கேட்கவில்லை, இப்போதைக்கு.

மெக்கானிக் ஹப்பைக் கழற்றியதும் உள்ளே நகரும் வளையத்தை என் கையில் வைத்தார். பல்லின் முனை எல்லாம் சப்பிய பனங்கொட்டை மாதிரி மழுங்கியிருந்தது. கிரீஸை விரலில் தேய்த்தால் இரும்புத்தூள் மினுக்குகிறது. வலது பக்க வளையத்தில் பல் கூராகவே இருந்தது. ஒரே பெட்டியில் வந்த இரண்டும் ஒரே உலோகம்தானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிரீஸ் அதிகமாக வைத்ததால் டயல் முழுதாக இறங்கியிருக்காது என்று உங்கள் ஆள் போனில் சொன்னார். அப்படி நடப்பது உண்டுதான். அதற்காகவே பேரிங் கிரீஸை உள்ளே அடைக்காமல் மெல்லிசாகத் தடவித்தான் மாட்டினோம். படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

போரில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப்புகளுக்கு இந்த ஹப்பைச் செய்து விற்கத்தான் அமெரிக்காவில் ஆர்தர் வார்ன் 1948இல் தொழில் தொடங்கினார். அத்தனை பழைய சாமானில் இன்னும் பல் நிற்கவில்லை என்றால் என்ன சொல்வது?

இப்போது வண்டியில் பழைய ஃபிளேஞ்சு மறுபடி ஏறிவிட்டது. நல்லவேளை, பழைய இரும்புக்குப் போடாமல் மண்ணெண்ணெய் டின்னில் போட்டு வைத்திருந்தேன்.

ஜோடியாக விற்ற பொருளுக்கு 11,800 ரூபாயையும், மாட்டிக் கழற்றிய கூலி 1,400 ரூபாயையும் 15 நாளில் என் கணக்கில் செலுத்துங்கள். மாற்று ஹப் வேண்டாம். உங்கள் பெட்டியிலேயே ஓராண்டு வாரண்டி என்று அச்சிட்டிருக்கிறது. பணம் வராவிட்டால் முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன், அப்புறம் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. காபிப் பழக் கணக்கையும் அங்கே சேர்த்துக்கொள்வேன்.

பழுதான ஹப்பைக் கூரியரில் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். பணம் வந்த பிறகு உங்கள் ஆள் வந்து இரண்டையும் வாங்கிக்கொள்ளட்டும். கிரீஸைக்கூடத் துடைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஜீப் உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், வளையத்தின் படங்கள் நான்கு, மெக்கானிக் கொடுத்த கூலிச் சீட்டு.