செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிளாஸ்டிக் மாடல் விமானங்கள் செய்யும் நம் சங்கத்தின் கடைசிச் சனிக்கிழமைக் கூட்டங்கள் மாதாமாதம் வழக்கம்போல் நடந்தன. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் என்பதால் அந்த ஒரு கூட்டம் மட்டும் இல்லை. மே விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தோம். தூரிகையும் தண்ணீரில் கரையும் பெயிண்டும் மட்டும்தான். அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசத்தைப் பார்க்க ஒரு குழுவாகப் போய் வந்தோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை பெயிண்ட் அறை. அதற்கு அதிகம் செலவாகிவிட்டது என்று சிலர் சொல்வதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெயிண்டைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில், நம்மில் பலர் தின்னர் என்ற கரைப்பானில் கரையும் லாக்கர் பெயிண்டுக்கு மாறிவிட்டோம். சென்னை வெயிலில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட் நுனியிலேயே காய்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நின்றுவிடுகிறது. லாக்கர் அப்படியில்லை. பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கும், படலம் மெல்லிசாக இருக்கும், மாடலின் மேலுள்ள நுணுக்கமான ரிவெட் வரிசையும் பேனல் கோடும் மூழ்காது. நன்றாகக் காய்ந்தபின் மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தாலும் உரிந்து வராது. ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. துணி மாஸ்க்கும் என்95-உம் துகளைத்தான் தடுக்கும். ஆவிக்குக் கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். இத்தனை காலம் கூட்ட அறையின் மூலையில் ஜன்னலைத் திறந்து வைத்து அடித்துக்கொண்டிருந்தோம். வீசிங் உள்ள நம் மூத்த உறுப்பினர் ஒருவர் அதனாலேயே வருவதை நிறுத்திவிட்டார். அது நம் எல்லோருடைய தவறு, செயலாளர் என்ற முறையில் முதலில் என்னுடையது.

பொதுக்குழு அனுமதித்த தொகைக்குச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வாங்கியிருக்க முடியும். அதில் மோட்டார் காற்று போகும் வழியிலேயே உட்கார்ந்திருக்கும். தின்னர் ஆவி அதன்மேல் போகும்போது ஒரு பொறி பறந்தால் போதும். அதனால்தான் மோட்டார் வெளியே இருக்கும் ஃபேனை வாங்கினேன். கூடுதல் தொகையை என் கையிலிருந்து போட்டேன். ஜனவரியில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன், இன்றும் இதுதான் பதில்.

டிசம்பர் கூட்டத்தில் புது அறையில் ஒரு செய்முறை காட்டினேன். வெளியே தூறல். இரண்டு பிளாஸ்டிக் ஸ்பூன், இரண்டிலும் பளபளக் கறுப்பு, ஒரு பங்கு பெயிண்டுக்கு ஒன்றரைப் பங்கு தின்னர், 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம். முதல் ஸ்பூனுக்கு ஹார்டுவேர் கடை தின்னர், இரண்டாவதற்கு மிஸ்டர் கலர் என்ற மாடல் பெயிண்டுக்கான லெவலிங் தின்னர். முதல் ஸ்பூன் கண்ணெதிரே திருநீறு பூசியதுபோல் வெளுத்துப் பூத்தது. அந்தத் தின்னர் சடாரென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கிறது; ஈரக்காற்றிலுள்ள நீர் அங்கே படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. லெவலிங் தின்னரில் மெதுவாக உலர வைக்கும் ரிட்டார்டர் உண்டு. அதனால் இரண்டாவது ஸ்பூன் கண்ணாடிபோல் ஆகி, அதில் டியூப் லைட்டின் பிம்பம் நேர்கோடாகத் தெரிந்தது. அப்புறம் வெளுத்த ஸ்பூன் மேல் லெவலிங் தின்னரை மட்டும் புகைபோல் லேசாக அடித்தேன், கறுப்பு திரும்பி வந்தது. ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் டாங்கின் அடித்திருகைத் திறந்து காட்டியபோது, ஈரக்காற்றிலிருந்து உள்ளே சேர்ந்த தண்ணீர் இரண்டு மூன்று ஸ்பூன் கொட்டியது. இதையெல்லாம் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். ஜனவரி முழுக்க, "சார், பெயிண்ட் பூத்துப்போச்சு, என்ன செய்யறது?" என்று எனக்குப் போன் செய்தவர்கள் அதைவிட அதிகம்.

சங்கத்தின் பொது ஏர்பிரஷ் பிப்ரவரியிலிருந்து ஓரமாகக் கிடக்கிறது. யாரோ கழுவாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்து எடுத்தவர் அடைப்பை எடுக்கக் குண்டூசியை விட்டிருக்கிறார். பெயிண்ட் வெளிவரும் 0.3 மி.மீ. துளை நாசில், மொத்தமே மிளகளவுதான் இருக்கும். அதன் வாய் கீறிவிட்டது. இப்போது பெயிண்ட் சீராக வராமல் எச்சில் தெறிப்பதுபோல் தெறிக்கிறது. காய்ந்துபோன லாக்கர், தின்னரிலேயே மறுபடி கரையும், அரைமணி ஊறப்போட்டிருந்தால் போதும். யார் என்று நான் விசாரிக்கவில்லை. வேலை முடிந்ததும் கப்பில் தின்னர் ஊற்றி, நிறமில்லாமல் வரும்வரை அடித்துவிட்டு வையுங்கள். ஹார்டுவேர் தின்னர் இதற்குப் போதும்.

சந்தா பற்றி. பாதிக்கு மேற்பட்டோர் பாக்கி. சிலருக்கு இரண்டு வருடம். அறை திறந்திருக்கிறதா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது, சந்தா நினைவூட்டலுக்கு மட்டும் பதில் வருவதில்லை. கஷ்டம் இருந்தால் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாகச் சொல்லுங்கள், தவணையில் வாங்கிக்கொள்கிறோம்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாகவே வந்தன. கையிருப்பு சொற்பம். விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார்.

இடம் கொடுத்த வீட்டு உரிமையாளருக்கும், ஃபேன் காற்றை வெளியே கொண்டுபோகும் டக்ட் பொருத்த இரண்டு ஞாயிறு உடனிருந்த தம்பிகளுக்கும், தணிக்கை பார்த்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த குடும்பத்தினருக்கும் நன்றி.

வரும் செப்டம்பரில் 1965 இந்திய-பாகிஸ்தான் போருக்கு 60 ஆண்டு. அந்தப் போரில் நம் விமானப்படை ஓட்டிய சிறு போர் விமானமான நாட்டை ஆளுக்கொன்று செய்து ஒரே மேசையில் வைக்கலாம் என்று ஜனவரியில் முடிவு செய்தோம். வெள்ளி நிற நாட் என்றால் பளபளக் கறுப்பின் மேல் லாக்கர் வெள்ளிதான் சரி. அந்த உலோகப் பளபளப்பு வேறெதிலும் எனக்கு இதுவரை வந்ததில்லை. கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் வெள்ளியில் எழுந்து நிற்கும், ஆகவே எல்லோரும் இந்த அறையில்தான் அடித்தாக வேண்டும். அதற்கு நாசில், ஃபேன் ஃபில்டர், மாஸ்க் கார்ட்ரிட்ஜ் மூன்றும் மாற்ற வேண்டும். இந்த முறை என் கையிலிருந்து போட என்னால் முடியாது.

நான் நான்கு வருடமாக இந்தப் பொறுப்பில் இருக்கிறேன். இளையவர் யாராவது முன்வந்தால் சாவியும் நோட்டும் மனநிறைவோடு ஒப்படைப்பேன். நானே தொடரவேண்டும் என்றால், சனிக்கிழமைகளில் அறையைத் திறந்து மூட இரண்டு பேர் வேண்டும்; பெயர்களை இன்றே சொல்லிவிடுங்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் மேசையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்