மாவுதானே என்று ஊதாதீர்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை தொழிற்பேட்டையில் செல்லுலோஸ் பொடி கையாளும் தொழிற்சாலைகளின் பாதுகாப்புக் குழுக்களுக்கு,

வணக்கம். பிறையில் ஒரு தொழிற்சாலையில், மாத்திரைக்குச் செல்லுலோஸ் மாவு கலக்கும் பிரிவில், 11 வருஷம் மூட்டை பிரித்துக் கொட்டியவன் எழுதுகிறேன். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் காற்றுக்குழாயைப் பிடித்து இயந்திரத்தையும் தரையையும், சில சமயம் ஒருவர் சட்டையை இன்னொருவரும், ஊதிச் சுத்தம் செய்கிறார்களே, அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

"சாப்பிடுற மாவுதானேப்பா, ஒன்னும் செய்யாது" என்பார் எங்கள் சூப்பர்வைசர். பாதி உண்மைதான். செல்லுலோஸ் செடிகொடிகளின் செல்சுவரில் இருப்பது. 1838-ல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென் அதைப் பிரித்துக் காட்டினார். மரக்கூழிலிருந்து எடுத்து அரைத்தால் மணமோ ருசியோ இல்லாத வெள்ளைப் பொடி. தண்ணீரில் கரையாது, ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். துருவிய சீஸ் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அதைத்தான் தூவுகிறார்கள், உணவுச் சேர்ப்புப் பொருள் பட்டியலில் அதன் எண் 460. நம் வயிற்றில் செரிக்காது, நார்ச்சத்தாக வெளியே போய்விடும்.

வயிற்றுக்குச் சரி. காற்றில் பறந்தால்? மூட்டையில் கிடக்கும்போது தீப்பட்டாலும் மெல்லக் கருகிப் புகையும். அதே பொடி மேகமாக எழும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் காற்று இருக்கிறது, ஒரு பொறி போதும். திருவிழாவில் தீப்பந்தத்தின்மேல் குங்கிலியப் பொடி வீசும்போது குபீரென்று எழுமே, அதை மூடிய அறைக்குள் நினைத்துப் பாருங்கள். 2008-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். அதுவும் சாப்பிடும் பொருளின் தூசுதான்! முதல் வெடிப்பின் அதிர்ச்சியில், அங்கங்கே படிந்து கிடந்த தூசு காற்றில் கிளம்பி, அடுத்தடுத்து வெடித்தது. காற்றுக்குழாய் தரையில் கிடப்பதை எடுத்து உத்தரத்தில் படியவைக்கிறது.

எங்கள் இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் உறையிலிருந்து பொடியை மடமடவென்று கொட்டும்போது நிலைமின்சாரம் சேரும். அதை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி தொட்டியிலிருந்து கழன்று கிடந்த ஒரு மதியம், தொட்டி வாயில் தீ பளிச்சென்று வந்து போனது. பக்கத்தில் நின்ற தம்பிக்குப் புருவம் கருகியது. யாரும் அறிக்கை எழுதவில்லை. மறுநாளும் ஊதினோம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஊதுவதற்குப் பதில் உறிஞ்சுங்கள், ஆனால் வீட்டு வாக்குவம் வேண்டாம், அதன் மோட்டாரே பொறி விடும். எரியும் தூசுக்கென்றே செய்தது இருக்கிறது. ஒவ்வொரு முறை கொட்டுமுன் எர்த் கம்பியைப் பாருங்கள், மெதுவாகக் கொட்டச் சொல்லுங்கள். வெல்டிங் இருந்தால் முதலில் தூசை எடுங்கள், உத்தரத்தின் மேலேயும். தீ வந்தால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் பொடி கிளம்பிவிடும், பூத்தூறலாகத்தான் அடிக்க வேண்டும். அப்புறம் மாஸ்க்: விஷமில்லைதான், ஆனால் நாள்முழுக்க இழுத்தால் தொண்டையும் மூச்சும் படும் பாடு எனக்குத் தெரியும்.

பொருளின் பாதுகாப்புத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கோப்பில் இருக்கும். மூட்டை தூக்குகிற அண்ணன் அதைப் படிப்பதில்லை. ஷிஃப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிஷம் தமிழிலும், வங்காளிக்கும் நேப்பாளிக்கும் அவரவர் பேச்சிலும் சொல்லுங்கள். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்று மலேசியாவின் 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது, அதில் தொழிலாளிக்கும் இடமுண்டு. அடுத்த கூட்டத்தில் மூட்டை பிரிப்பவர் ஒருவரை உட்காரவையுங்கள், காற்றுக்குழாய் விஷயத்தை முதலில் எடுங்கள்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு முன்னாள் தொழிலாளி