வீடுதோறும் நட்சத்திரம்: கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஆச்சிமாருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும், வணக்கம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் தெருக்களில் கடையில் வாங்கிய நட்சத்திரங்களைவிடப் பனையோலையில் கையால் செய்தவைதான் அதிகம் தொங்கின. பொங்கலும் முடிந்துவிட்டது. கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்துக் கணக்கையும் முடித்துவிட்டோம். நன்றி மட்டும் பாக்கி நிற்கிறது. வீடு வீடாக வந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் உதவியவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது யாராவது ஒருவர் விட்டுப்போகக் கூடாது என்பதால் எல்லாரும் படிக்கும்படி எழுதிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஊர் ஊராகப் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அலங்காரப் பொருளைப் பரணில் வைத்திருந்தவர்களுக்குத் தப்பியது. கட்டிலுக்கடியில் பெட்டியில் வைத்திருந்தவர்களுக்கு நட்சத்திரம், கிறிஸ்து பிறப்புக் குடில் பொம்மை, சீரியல் பல்பு எல்லாம் சேற்றோடு போனது. அரிசிக்கும் பாய்க்கும் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் அலங்காரத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? பெரியவர்கள் பேசவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள். "நம்ம வீட்டுல ஸ்டார் போடலையா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். அலங்காரம் வசதியுள்ளவர்களுக்கு மட்டும் உரிய பொருள் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது அப்போதுதான். பண்டிகையன்று வாசலில் ஒரு வெளிச்சம் தொங்குவது எந்த வீட்டுக்கும் எட்டாமல் இருக்கக் கூடாது. நம் செம்மணல் தேரிக்காட்டில் பனைக்கா பஞ்சம்?

அதனால் முதல் நன்றி பனையேறும் மாமாக்களுக்கு. ஓலை என்றால் ஓலை என்று நினைத்துக்கொண்டு வந்த எங்களை உட்காரவைத்து, குருத்தோலை எது, பச்சையாக விரிந்த சாரோலை எது, காய்ந்த காவோலை எது, எது எதற்கு உதவும் என்று சொல்லித் தந்தீர்கள். வெளுப்பாக, வளைத்தால் முறியாமல் இருப்பது விரியாத குருத்து. நட்சத்திரத்துக்கும் பூவுக்கும் அதுதான் வேண்டும். ஆனால் குருத்துதான் மரத்தின் வளர்ச்சி. அதனால் ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் தொடமாட்டோம், போன வருஷம் எடுத்த மரத்துக்கு இந்த வருஷம் ஓய்வு என்று நீங்களே விதி வைத்தீர்கள். எங்களுக்கு அவசரமாக இன்னும் கொஞ்சம் ஓலை தேவைப்பட்டபோதும் அந்த விதியை நீங்கள் தளர்த்தவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி. பனையை மாநில மரம் என்று அரசு வைத்திருக்கிறது, வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் எந்தக் குருத்தை விட்டுவைக்க வேண்டும் என்று உத்தரவில் எழுத முடியாது. அது உங்கள் கையில்தான் இருக்கிறது. பதநீர் இறங்காத மாதங்களில் இந்த வேலை உங்களுக்கும் கொஞ்சம் கூலி தந்தது என்று சொன்னீர்கள். அதைக் கேட்டபோது எனக்கு நிறைவாக இருந்தது.

வெட்டிவந்த குருத்தைக் காயவைப்பதுதான் பெரும்பாடு. கார்த்திகையும் மார்கழியும் நமக்கு மழைக்காலம். ஈரம் நின்றால் ஓலையில் கரும்புள்ளி விழும், பூஞ்சை பிடிக்கும், அப்புறம் அது அடுப்புக்குத்தான். வெயில் அடித்தால் முற்றத்தில், மேகம் திரண்டால் உள்ளே என்று ஓடிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துவிட்டு, தன் நெல் குடோனில் தகரக் கூரைக்குக் கீழே பாதி இடத்தை ஒதுக்கித் தந்தார் ரைஸ்மில் அண்ணாச்சி. வாடகை பேச்சே எடுக்கவில்லை. கொடி கட்டிக் குருத்துகளை விரித்துத் தொங்கவிட்டோம். அண்ணாச்சி, அந்தக் குடோன் இல்லையென்றால் பாதி ஓலை வீணாகியிருக்கும்.

இனி ஆச்சிமார். இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

பெட்டி முடைவது நம் ஊரில் பாதி வீடுகளில் இருந்த வேலை. கருப்பட்டிக்குப் பெட்டி, கடலைக்குப் பெட்டி, கல்யாணச் சீருக்குப் பெட்டி என்று ஆளுக்கொரு வகை முடைந்த கைகள் இவை. பிளாஸ்டிக் வாளியும் கேரிபேக்கும் வந்த பிறகு பலர் விட்டுவிட்டார்கள். மணப்பாடு பக்கம் பெண்கள் விடாமல் செய்வதால் பனையோலைப் பொருள் என்றாலே மணப்பாடு என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். நம் ஆச்சிமாரின் கையிலும் அதே வேலை இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஆச்சி, நீங்கள் ஈர்க்கைக் கிழித்து எடுக்கும் வேகத்தை நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். கண் பார்க்காமலே ஒரே அகலத்தில் இதழ் இதழாக வார்ந்து போட்டீர்கள். எங்களுக்கு ஒன்று அகலமாக, ஒன்று ஒல்லியாக வந்தது. முடைவதற்கு முன்னால் ஈரத்துணியில் சுருட்டி வைக்க வேண்டும், தண்ணீரில் முக்கினால் பிறகு காய்ந்து இடைவெளி விழும் என்று சொல்லித் தந்தது நீங்கள்தான். சாயத்தைக் கொதிக்கக் கொதிக்கத்தான் போட வேண்டும் என்பதும், மஞ்சள்தூள் நிறம் வெயிலில் நிற்காது, அதனால் வாசலில் தொங்குவதற்கு அது வேண்டாம், வீட்டுக்குள் மாட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதும் உங்கள் சொல்தான். நாலு இதழை இரண்டாக மடித்து ஒன்றுக்குள் ஒன்று கோத்து முனைகளை மடித்து இழுத்தால் உள்ளங்கை அகல நட்சத்திரம் வந்துவிடுகிறது. பசை வேண்டாம், நூல் வேண்டாம். இதை நீங்கள் சின்ன வயதில் விளையாட்டாகச் செய்ததாகச் சொன்னீர்கள். கிலுக்கு, ஓலைப் பந்து, காத்தாடி என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் செய்து காட்டியபோது, பிள்ளைகள் செல்போனைக் கீழே வைத்துவிட்டு உங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இந்த மடலில் எழுத மறக்கக் கூடாது என்று நான் குறித்து வைத்தவற்றில் அது முதல் வரி.

வாசலில் தொங்கவிடும் பெரிய நட்சத்திரத்துக்குச் சட்டம் வேண்டும். பந்தல் போடும் அண்ணன் தன் பழைய மூங்கில்களை அறுத்துச் சிம்பு சீவித் தந்தார். அதைக் கட்டும் முறையும் அவருடையதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரே நீளத்தில் 5 சிம்பு, அப்படி இரண்டு நட்சத்திரம். ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிவிட்டு, நடுவில் சிம்புகள் குறுக்கிடும் 5 மூலைகளிலும் சின்னக் குச்சியை முட்டுக் கொடுத்தால் இரண்டும் நடுவில் விலகி வயிறு உப்பி நிற்கும். அந்த வயிற்றுக்குள்தான் பல்பு. முன்பெல்லாம் இதன்மேல் கலர் தாளை மைதா பசையால் ஒட்டுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். பிள்ளைகள் கைவைக்கும் இடத்தில் அந்த விஷம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். தாளுக்குப் பதில் ஆச்சிமார் இடைவெளி விட்டு முடைந்த ஓலைத் தடுக்கைச் சிம்போடு சேர்த்துத் தைத்துவிட்டோம். தையல்கடை அக்கா கோணி ஊசியும் நூலும் தந்து, தைக்கவும் கற்றுத் தந்தார். இரவில் அந்த இடைவெளிகள் வழியாக வெளிச்சம் சுவரில் கட்டம் கட்டமாக விழுந்ததைப் பார்த்தவர்கள் அடுத்த நாளே எனக்கும் ஒன்று என்று வந்து நின்றார்கள்.

எலக்ட்ரீஷியன் தம்பிக்குத் தனி நன்றி. காய்ந்த ஓலை சட்டென்று தீப்பிடிக்கும், குண்டு பல்பு சூடாகும், இரண்டும் சேரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். எல்லா நட்சத்திரத்துக்கும் சின்ன எல்இடி பல்புதான். ஹோல்டர் ஓலையில் படாமல் கம்பி வைத்து நிறுத்தியதும், மழை படும் வாசல்களில் ஒயர் இணைப்பை உள்ளே தள்ளி வைத்ததும் அவன் வேலை. வீடு வீடாகப் போய்ப் பார்த்தான். யாரிடமும் காசு வாங்கவில்லை.

அம்மன் கோயில் கொடை விழாவுக்குத் தோரணம் கட்டும் தாத்தாவை நாங்கள் கூச்சத்தோடுதான் கேட்டோம், கிறிஸ்துமஸ் வேலைக்கு வருவாரோ மாட்டாரோ என்று. "ஓலைக்கு என்னம்மா சாமி வித்தியாசம்" என்று கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தென்னங்குருத்தில் கிளி, மயில், பாம்பு என்று அவர் மடித்துத் தொங்கவிட்டவை மேளக்காரர் இல்லாத குறை ஒன்றைத் தவிர மற்றபடி ஒரு கல்யாண வீட்டையே கொண்டுவந்தன. தாத்தா, பொங்கலுக்கு உங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகள் வந்து கட்டிய தோரணம் அந்தக் கற்றுக்கொடுத்தலுக்கான காணிக்கை.

குடில் பொம்மைக்கு வருகிறேன். கடையில் ஒரு செட் வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கிறது. டீக்கடை அண்ணன் சேர்த்துவைத்த பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, அந்தக் கூழில் ஆடும் மாடும் இடையரும் செய்தோம். அந்தக் காலத்தில் கூடையும் முறமும் மெழுகுவதற்கு நம் வீடுகளில் செய்த அதே கூழ்தான். வெந்தயம் சேர்ந்தால் இறுகிப் பிடிக்கும், பூச்சியும் அண்டாது. கிரைண்டர் தந்த பெரியம்மா, அதைக் கழுவிக்கொடுக்கக்கூட விடவில்லை. சிரட்டைகளில் கம்பும் கேழ்வரகும் தெளித்துப் பத்து நாள் வளர்த்தால் புல்வெளி தயார். ஒரு பையன் செய்த குடிலில் மூன்று ஞானிகளுக்குப் பக்கத்தில் ஒரு பனையேறி கலயத்தோடு நின்றார். பங்குச்சாமியார் அதைச் சர்ச் குடிலிலேயே வைக்கச் சொன்னார். வேலை செய்ய மண்டபத்தைத் திறந்துவிட்டு, மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்த அவருக்கும் நன்றி.

விலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சின்ன நட்சத்திரம் 10 ரூபாய்க்கும், பல்போடு சேர்த்து வாசல் நட்சத்திரம் 150 ரூபாய்க்கும் கொடுத்தோம். இவ்வளவு குறைவாக எப்படி முடிந்தது என்று பலர் கேட்டார்கள். யாருடைய கூலியிலும் கைவைக்கவில்லை. ஆச்சிமாருக்கும் பனையேறும் மாமாக்களுக்கும் கொடுக்க வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் விலை போட்டோம். மூங்கில், பேப்பர், இடம், கரண்டு வேலை எல்லாம் நீங்கள் கொடுத்தது. வெட்டியதில் மிஞ்சிய துண்டு ஓலையும் வீணாகாமல் பூவாகவும் மணியாகவும் போனது. வெளியூர் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், பாதி விலைக்குத் தாருங்கள் என்று கேட்டார். அந்த விலைக்குக் கொடுத்தால் ஒரு நாள் முழுக்க முடைந்த ஆச்சிக்கு டீச்செலவுகூட மிஞ்சாது. கொடுக்கவில்லை. மலிவாக விற்பதும் உழைப்பவரை மலிவாக நினைப்பதும் வேறு வேறு என்பதில் நம் எல்லாருக்கும் ஒரே எண்ணம் இருந்தது. அன்று என் பக்கம் நின்று பேசிய அக்காமாரை நான் மறக்கமாட்டேன்.

மிச்சம் விழுந்த ஈர்க்கு விளக்குமாறு ஆனது. சக்கை ஓலை பொங்கல் அடுப்புக்குப் போனது. நம் பக்கத்தில் ஓலை எரித்துத்தானே பொங்கல் விடுகிறோம்.

பள்ளி விட்டதும் வந்து உட்கார்ந்த பிள்ளைகளே, உங்கள் பெயர்களை மண்டபச் சுவரில் எழுதியிருக்கிறேன். விட்டுப்போன பெயர் இருந்தால் வந்து சொல்லுங்கள், சேர்த்துவிடலாம். வரவு செலவுக் கணக்கும் அங்கேயே ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மிச்சம் இருக்கிற தொகையில் அடுத்த மழைக்கு முன்னால் பனங்கொட்டை நடலாம் என்று மாமாக்கள் சொன்னார்கள். ஆச்சிமாருக்கும் சம்மதம். வேறு யோசனை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்துக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

அப்புறம், கத்தி, கோணி ஊசி, சாயம் கொதிக்கவைத்த பெரிய அண்டா, இரண்டு பெஞ்சு எல்லாம் கழுவித் துடைத்து மண்டபத்தில் இருக்கின்றன. கொடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அண்டாவில் மட்டும் அடியில் கொஞ்சம் பச்சைச் சாயம் பிடித்திருக்கிறது; புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம், இந்த வாரத்துக்குள் சரியாகிவிடும்.

அன்புடன்,
ஓலை வேலைக் கூட்டத்தின் சார்பில்,
உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி