மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில நாட்களாகக் கும்பகோணத்து வாட்ஸாப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். எங்களிடம் பாட்டு ஏற்றக் கொடுத்தால் பாதிக்கு மேல் பெயர் மட்டும்தான் இருக்குமாம், பாட்டு இருக்காதாம். கடைக்கே வந்து கேட்டவர்களுக்கு நேரில் விளக்கினோம். கேட்காமலேயே நம்பிவிட்டவர்களும் இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

அந்தக் குரல்பதிவில் பேசியிருக்கும் வாடிக்கையாளர் எங்களிடம் கொண்டு வந்தது 128 ஜிபி என்று அச்சிட்ட கார்டு. இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியதாகச் சொன்னார். அவர் கேட்ட பாட்டுகளை எல்லாம் அவருடைய பென் டிரைவிலிருந்து ஏற்றினோம். கம்ப்யூட்டர் ஒரு பிழைகூடக் காட்டவில்லை. வீட்டில் போய் பிளேயரில் போட்டால் முதல் சில ஃபோல்டர்கள் நன்றாகப் பாடியிருக்கின்றன. அதற்குப் பிறகு பெயர் வருகிறது, சத்தம் இல்லை, அடுத்த பாட்டுக்குத் தாவுகிறது.

இதற்குக் காரணம் போலிக் கார்டு. இந்த மாதிரிக் கார்டுகளுக்குள் இருக்கும் மெமரி பெரும்பாலும் 8 ஜிபியோ 16 ஜிபியோதான். ஆனால் கார்டை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் நிரலை மாற்றி, கம்ப்யூட்டர் கேட்டால் 128 ஜிபி என்று பதில் சொல்லும்படி செய்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரும் நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். உண்மையான இடம் நிரம்பிய பிறகு வருவது பழைய பாட்டின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமல் போய்விடும். பெயர்கள் மட்டும் எப்படித் தெரிகின்றன என்றால், எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியலின் பெரும்பகுதி கார்டின் தொடக்கத்திலேயே எழுதப்படுகிறது. புத்தகத்தின் முன்பக்கத்தில் பொருளடக்கம் முழுசாக இருந்து, உள்ளே பாதித் தாள்கள் வெறுமையாக இருப்பது மாதிரி. ஏற்றிய உடனே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். சற்று முன் நகல் எடுத்ததைக் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும், அதிலிருந்தே பாடிக் காட்டிவிடும்.

அவர் திரும்பி வந்தபோது அதே பாட்டுகளை எங்கள் கடைக் கார்டு ஒன்றில் ஏற்றி, அவருடைய பிளேயரிலேயே போட்டுக் காட்டினோம். எல்லாம் பாடின. சரி என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பிறகும் குரல்பதிவு நிற்கவில்லை. காசு கொடுத்து ஏமாந்தவர் அவர், அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. ஆனால் "வேண்டுமென்றே வெற்றுப் பாட்டு போட்டுத் தருகிறார்கள்" என்று குரல்பதிவில் வரும் அந்த ஒரு வாக்கியம் மனதை மிகவும் வருத்திவிட்டது. கேசட் காலத்திலிருந்து நம்மிடம் வருபவர்கள் நீங்கள். அப்படிச் செய்கிற கடையா இது?

அப்புறம், நாட்டிய ஆசிரியர்கள் சிலர் கேட்ட இன்னொரு விஷயம். பரதநாட்டியத்தில் முதலில் ஆடும் அலாரிப்புக்குப் பிறகு ஜதிஸ்வரம் வரவேண்டிய இடத்தில், கடைசியில் ஆடும் தில்லானா வந்து நிற்கிறது என்றார்கள். கம்ப்யூட்டர் திரையில் பாட்டுகள் பெயர் வரிசையில் தெரியும். ஆனால் சின்ன பிளேயர்கள் பலவும் பெயரைப் பார்ப்பதில்லை, எது முதலில் கார்டில் பதிவானதோ அதை முதலில் பாடும். மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டால் வரிசை கலைந்துவிடலாம். அதனால் காலி ஃபோல்டரில் ஒவ்வொன்றாக, நீங்கள் சொன்ன வரிசையிலேயே ஏற்றித் தருகிறோம். வீட்டில் நீங்களே செய்தால் அதே மாதிரி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள், பெயர் வரிசையில் பாடும் பிளேயர்களுக்காகப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண்ணும் போடுங்கள். வெறும் 1, 2 என்று போட்டால் அவற்றில் சில 1க்கு அடுத்து 10ஐ எடுத்துவிடும். கார்டைக் கழற்றும்போது கம்ப்யூட்டரில் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். எழுதி முடிவதற்குள் பிடுங்கினால் கடைசிப் பாட்டுகள் கெட்டுப்போகலாம். பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பெரிய கார்டு வாங்கவே வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. 128 கேபிபிஎஸ் (ஒரு நொடிப் பாட்டுக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்பி போதும். 32 ஜிபி கார்டில் ஐந்து நிமிடப் பாட்டுகள் ஆறாயிரம் வரை பிடிக்கும். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஏற்றினாலும் இரண்டாயிரத்துக்கு மேல் வரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் வழக்கமாக எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டும் படிக்கும் பிளேயர்கள் அவற்றைக் கண்டுகொள்ளாது. வீட்டுப் பெரியவர்கள் சுப்ரபாதமும் கச்சேரியும் கேட்க 32 ஜிபியே தாராளம்.

இனிமேல் வெளியில் வாங்கிய கார்டு எதுவானாலும் முதலில் சோதிப்போம். கார்டு முழுக்கத் தரவை நிரப்பி, எழுதியதையே திரும்பப் படித்துப் பார்க்கும் சோதனை அது. பெரிய கார்டுகளுக்கு மணிக்கணக்கில் ஆகும், ஆகவே மறுநாள்தான் தர முடியும். நீங்கள் எல்லோரும் "தம்பி, தம்பி" என்று கூப்பிடும் நம் கடைப் பையனுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போயிருக்கிறான். சந்தோஷம்தான். ஆனால் இப்போது கடையில் ஒற்றை ஆள். அதனால் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, பாட்டு ஏற்றும் கூலியும் அடுத்த மாதம் முதல் 100லிருந்து 150 ரூபாய்.

குரல்பதிவைக் கேட்டபிறகும் "அவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்" என்று அதே குழுவில் பதில் எழுதியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அதைப் படித்த அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினோம்.

உங்களிடம் இருக்கும் கார்டு மேல் சந்தேகம் இருந்தால் கொண்டு வாருங்கள். சோதனைக்குக் காசு வாங்க மாட்டோம். அதில் உள்ள பாட்டுகளை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் சோதிப்போம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்
கும்பகோணம்