பருக் குழிக்கு ஊசி: எந்தக் குழிக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பருத் தழும்புகளை ஃபில்லர் ஊசியால் நிரப்புவது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். ஊசி போட்ட அன்றே பலன் தெரியும் என்று எழுதியிருப்பது சரிதான். எந்தக் குழிக்கு என்பதைத்தான் காணோம்! தோல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் மருத்துவர் விளக்கைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்வார். மேடு பள்ளம் அப்போதுதான் துலங்கும். பிறகு இரு விரல்களால் தோலை இழுத்துப் பிடிப்பார். பள்ளம் சமமாகிவிட்டால் அது ஊசிக்கு ஏற்றது. அகலமாக, அலை அலையாக இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. அடியில் தழும்பு நார்கள் தோலைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தால், முதலில் ஊசி முனையால் அவற்றை அறுத்துவிட வேண்டும். இதற்குச் சப்சிஷன் என்று பெயர். அறுக்காமல் நிரப்பினால் குழி அப்படியே கிடக்க, சுற்றிலும் உப்பிக்கொள்ளும். ஆணி குத்தியதுபோல் குறுகி ஆழமாக இறங்கிய துளைகளில் ஃபில்லர் எடுபடாது. டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தைத் துளைக்குள் மட்டும் தொட்டு வைப்பது, துளையை வெட்டியெடுத்துத் தைப்பது என அவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. பலர் முகத்தில் எல்லா வகையும் கலந்தே இருக்கும்.

ஹயலூரோனிக் அமில ஃபில்லர் மாதங்கள் போகப் போகக் கரைந்துவிடுவதைக் கட்டுரை குறையாகச் சொல்கிறது. மறுபடி மறுபடி செலவு என்பது உண்மை. ஆனால் ஏதாவது தவறினால் ஹயலூரோனிடேஸ் ஊசி போட்டு அதை உடனே கரைக்கலாம். அமெரிக்காவில் 2014-ல் பருத் தழும்புக்கு அனுமதி பெற்ற பெல்லாஃபில் என்ற இன்னொரு ஃபில்லரை அப்படிக் கரைக்க முடியாது. அதிலுள்ள பிளாஸ்டிக் நுண்மணிகள் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். மாட்டுக் கொலாஜனும் கலந்திருப்பதால் முன்கூட்டியே ஒவ்வாமைச் சோதனை வேறு தேவை.

எந்த ஃபில்லரானாலும் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் வெளுத்து, பின்பு கறுத்து அழுகலாம். அரிதாகப் பார்வையே பறிபோகும். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் பகுதி அழகு நிலையம் ஒன்றில் புருவம் திருத்தும் நாற்காலியிலேயே இந்த ஊசியையும் போடுகிறார்கள். அங்கே ஹயலூரோனிடேஸ் இருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள்.

பரு இன்னும் வந்துகொண்டிருக்கும் பிள்ளைகளும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். முதலில் பருவை அடக்க வேண்டும், தழும்பை அதன் பிறகுதான் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து, அடுத்த இதழிலேயே தோல் மருத்துவர் ஒருவரை எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
மதுரை.