வடகடல் சேறும் ஒரு கேள்வியும்

மண்டபம்

அன்புள்ள காதருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் திருமணம் கீழக்கரையில் நல்லபடியாக நடந்தேறியதில் மிக்க மகிழ்ச்சி. முழங்கால் வலி மட்டும் இல்லையென்றால் வந்திருப்பேன். இங்கே வாடைக்காற்று தொடங்கி வடகடல், அதாவது நம் பாக் விரிகுடா, கலங்கிக் கிடக்கிறது.

கடலடிச் சேற்றிலிருந்து இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் வெப்பத்தைக் கணிப்பது நம்பத்தக்கதா என்று கேட்டிருந்தாய். நம்பலாம், ஆனால் ஒரே ஓர் அளவை வைத்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

கடல் நிலவியல் படிக்கும் என் தம்பி மகன் சென்ற மாதம் வடகடல் சேற்றைக் கொண்டுவந்து, 63 மைக்ரான் சல்லடையில் கழுவி உலர்த்தி, மைக்ராஸ்கோப்பில் காட்டினான். மணலுக்கு நடுவே, அறைமேல் அறையாகச் சுருண்ட சுண்ணாம்பு ஓடுகள் கிடந்தன. ஃபொராமினிஃபெரா என்னும் ஓரணு உயிரிகளின் ஓடுகள் அவை. நனைத்த தூரிகை நுனியில் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தான். மூச்சு சற்றுப் பலமாகப் பட்டாலும் பறந்துவிடும்.

அந்த ஓட்டில் உள்ள ஆக்சிஜனில்தான் செய்தி இருக்கிறது. நீர் குளிரக் குளிர, ஆக்சிஜன் அணுக்களில் கனமான வகையான ஆக்சிஜன்-18 ஓட்டில் சற்றுக் கூடுதலாகச் சேரும். 1955இல் எமிலியானி என்ற ஆய்வாளர் இதைக் கொண்டு பழைய கடல்களின் வெப்பத்தைக் கணித்தார். ஆனால் கடல்நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 எளிதில் மேலெழும். பனியுகத்தில் அது நிலத்தில் பனிப்பாளமாகத் தங்கிவிட, கடலில் கனமானதன் பங்கு கூடிவிடும். எமிலியானி வெப்பமாற்றம் என்று எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி பனியின் அளவைக் காட்டுவதே என்று 1967இல் ஷேக்கல்டன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். வங்காள விரிகுடாவிலோ சிக்கல் இன்னும் கூடுதல்: கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் மழைநீர் இலேசான ஆக்சிஜன் மிகுந்தது என்பதால், பருவமழை குறைந்த காலத்து ஓடும் குளிர்ந்த காலத்து ஓடும் ஆக்சிஜன் அளவில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். இதைப் பிரிக்க அதே ஓட்டின் மெக்னீசியத்தை அளக்கிறார்கள். நீரின் வெப்பம் கூடினால் சுண்ணாம்போடு சேரும் மெக்னீசியமும் கூடும். அதிலிருந்து வெப்பத்தைத் தனியே கணித்துக் கழித்தால், எஞ்சுவது பனியும் மழையும். ஷேக்கல்டனின் வாதத்தைவிட இந்தக் கழித்தல்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் வடகடல் சேற்றில் அவ்வளவு பழைய கணக்கைத் தேடிப் பயனில்லை. பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல் இது. அலையும் புயலும் புழுக்களும் அடுக்குகளைக் கலைத்துவிடும். அதோடு, நீ கேட்ட இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்ததால், இங்கிருந்து இலங்கை வரை தரையாகவே இருந்தது. கடலே இல்லாத இடத்தில் கடலின் வெப்பத்தை எந்த ஓடு சொல்லும்? அதற்கு ஆழ்கடலுக்குப் போய்க் குழாய் இறக்கித்தான் சேறு எடுக்க வேண்டும். இங்குள்ள சேறு வேறொன்றுக்கு உதவும்: எந்த அடுக்கிலிருந்து கடல்வாழ் ஓடுகள் தென்படத் தொடங்குகின்றனவோ, அந்த அடுக்கின் வயதை அறிந்தால் கடல் திரும்பிவந்த காலம் தெரிந்துவிடும்.

மைக்ராஸ்கோப்பைப் பொங்கல் வரை இங்கேயே விட்டுவைப்பதாகச் சொல்லியிருக்கிறான். அதற்குள் ஒருமுறை வந்து போ.

அன்புடன்,
சேது